பெயர் போட வேண்டாம்



"இப்பல்லாம் எங்கே பார்த்தாலும் கேன்சர்தானே, ஏன்?" சமீபத்தில் வந்த கடிதங்கள் சிலவற்றில் இந்தக் கேள்வி இருந்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. தங்கையை இந்த நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஊரெல்லாம் நிதி திரட்டி எழுப்பியது அது. இன்று அங்கே வரும் கூட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்.

ஆனால் கூட்டத்தை மட்டும் வைத்து நோயை அளக்க முடியாது. நம் ஆயுள் கூடியிருக்கிறது. வயது ஏற ஏற வருகிற நோய் இது. முன்பெல்லாம் என்ன நோய் என்றே தெரியாமல் வீட்டிலேயே கண்மூடியவர்கள் எத்தனையோ பேர். தவிர, கீமோவுக்காக ஒருவரே பத்து முறை வந்து போனால், அட்மிஷன் கணக்கில் அது பத்து.

இதைச் சரியாக எண்ணுவதற்கென்றே 1982 முதல் சென்னையில் ஒரு புற்றுநோய்ப் பதிவேடு நடக்கிறது. அதன் ஊழியர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்க் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டுகிறார்கள். ஓரிடத்தில் 'லட்சுமி', இன்னோரிடத்தில் 'லக்ஷ்மி அம்மாள்'. வயதும் இரண்டு வருடம் முன்பின். கணவர் பெயரையும் தெருப் பெயரையும் ஒத்துப்பார்த்து, இருவரும் ஒருவரே என்று கண்டுபிடிக்க வேண்டும். நாற்பது வருடமாக நடக்கும் இந்தப் பொறுமையான வேலையை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அந்தப் பதிவேட்டில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. தொடக்கத்தில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். இன்று அது பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. பெண்களுக்குத் திருமண வயது கூடியதும், பிரசவங்கள் குறைந்ததும், வாழ்க்கை வசதி மேம்பட்டதும் காரணம் என்கிறார்கள். அதே நேரத்தில் மார்பகப் புற்றுநோய் ஏறி முதலிடத்துக்கு வந்துவிட்டது. தாமதமான முதல் பிரசவம், உடல் பருமன் என்று அதற்கு வேறு காரணங்கள்.

கருப்பை வாய்ப் புற்றுநோயின் அந்தப் பழைய கணக்கில் என் பெரியம்மாவும் ஒருத்தி. மாதவிலக்கு நின்று ஆறு வருடம் கழித்து உதிரம் பட்டது. எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. துணியை விடியுமுன் கிணற்றடியில் தானே அலசிக் காயப்போட்டிருக்கிறார். "இதைப் போய் எப்படிடா சொல்றது?" என்றுதான் கடைசியில் அப்பாவிடம் கேட்டாராம். டாக்டர் பார்த்தபோது நோய் முற்றியிருந்தது. இன்று முப்பது வயது கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதற்கான பரிசோதனை உண்டு. இலவசம். சில நிமிட வேலை. அப்படியும் பெரியம்மாவின் அந்தத் தயக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது என்பது உங்கள் கடிதங்களிலேயே தெரிகிறது.

அடுத்த இதழில் ஒரு பெண் புற்றுநோய் மருத்துவர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். கூச்சப்படாமல் எழுதுங்கள். பெயர், ஊர் எதுவும் போட வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்