மாடி வெந்நீருக்கு ஒரு காவல்

குயிலாப்பாளையம் பக்கம் நல்ல வெயில் நாளில் மாடி சோலார் ஹீட்டரில் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் சில விநாடிகளிலேயே தோல் வெந்துவிடும். குழந்தையோ வயதானவர்களோ உள்ள வீட்டில் வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து, வைத்த சூட்டிலேயே தரும் தெர்மோஸ்டாட் ஷவர் வால்வு ஆடம்பரமல்ல என்பது என் கட்சி. அதற்குள் இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து வெந்நீரின் வழியைக் குறுக்கும். பச்சைத் தண்ணீர் நின்றுபோனால் வெந்நீரையும் அடைத்துவிடும். (சித்திரையில் பச்சைத் தண்ணீர்க் குழாயிலேயே வெந்நீர்தான் வருகிறது, அதற்கு எந்த வால்வாலும் வழியில்லை.) வாங்கும்போது பார்க்க வேண்டியது அழுத்தம். ஷவரைவிட 3 மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான், பல மாடல்கள் அதற்கு மேல் கேட்கும். இரண்டு குழாயிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். அடுத்த எதிரி உப்பு. போர்த் தண்ணீர் கடினமென்றால் வால்வின் சல்லடையில் வெள்ளைப் பொருக்கு கட்டும். கழற்றி வினிகரில் ஊறப்போட்டுக் கழுவினால் போகும். குமிழையும் மாதம் ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிவிடுங்கள், இறுகாது. பிளம்பர் மாட்டிவிட்டுக் கிளம்பும் முன், தெர்மாமீட்டரைப் பிடித்து, குமிழில் வைத்த 38 டிகிரி தண்ணீரிலும் 38தானா என்று பார்த்துவிட்டுக் கூலியைக் கொடுங்கள்.