பேடண்டும் தலைவிதியும்

நீரிழிவு கண்ட குழந்தை சாவது தலைவிதி என்றே சொல்லப்பட்டு வந்தது. அவ்விதியை அழித்தது எந்தப் பிரார்த்தனையுமல்ல. 1921-ல் கனடா தேசத்து டொரண்டோ சர்வகலாசாலையில் தொடங்கிய இன்சுலின் ஆராய்ச்சியேயாகும். அதன் பேடண்டுக்கு உரியவர்களான தோழர்கள் பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் 1923-ல் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு, உரிமையை அச்சர்வகலாசாலைக்கே எழுதிக் கொடுத்து விட்டார்கள். சும்மா விட்டால் வேறொருவன் பதிந்துகொண்டு மற்றவர்களைத் தடுத்து விடுவான் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

அப்படியிருந்தும், நூறாண்டு கழிந்த இன்றும் பணமில்லாததால் அம்மருந்து கிடைக்காதார் பல தேசங்களில் உண்டு. இதுவும் விதியா? பிற்பாடு வந்த புது வகைகளுக்குக் கம்பெனிகள் பெற்ற பேடண்டுகளும், வைத்த விலையும் மனிதன் செய்தவையேயல்லவா? பொதுப்பணத்தில் விளைந்த அறிவை ஒரு கூட்டத்தாருக்கே உரியதாக்குவதற்கும், படிப்பு ஒரு ஜாதிக்கே உரியது என்றதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

சர்வகலாசாலைகள் பேடண்டு வாங்கட்டும். ஆனால் ஏழைக்கும் எட்டும் விலையில் விற்க வேண்டுமென்ற நிபந்தனையில்லாமல் அதை எவருக்கும் கொடுக்கக் கூடாதென்பதே நமது அபிப்பிராயமாகும்.