தைலம் இருக்கட்டும்... முதலில் திருப்பிப் படுக்க வையுங்கள்!

"டாக்டர், மாமனார் படுத்த படுக்கையா இருக்கார். இடுப்புக்குக் கீழே புண்ணு வந்துடுச்சு. சீக்கிரம் ஆறுற மாதிரி நல்ல தைலமா ஒண்ணு குடுங்களேன்!"

சித்த வைத்தியர் என்று போர்டு மாட்டியிருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அடிக்கடி காதில் விழுகிற வேண்டுகோள் இது. தைலம் கேட்பதில் தப்பில்லை. நானும் தருகிறேன். ஆனால், அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன். "அவரை எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கிறீங்க?"

பெரும்பாலும் பதில் வராது. 'மருந்து கேட்டு வந்தா, இவர் வேலை சொல்றாரே' என்கிற மாதிரி ஒரு பார்வைதான் வரும்.

அந்தப் பார்வையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வயதானவர்களைத் திருப்பிப் படுக்க வைப்பது, வாய் சுத்தம் செய்வது, குளிப்பாட்டுவது, தண்ணீர் புகட்டுவது... இதெல்லாம் எடுபிடி வேலை. மாத்திரை, ஊசி, லேகியம்தான் வைத்தியம். இப்படி நாம் கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கிறோம். என்னைக் கேட்டால், வயதானவர்கள் விஷயத்தில் இந்தக் கோடுதான் பெரிய ஆபத்து!

படுக்கைப் புண் எப்படி வருகிறது? ஒரே வாட்டத்தில் படுத்திருக்கும்போது, எலும்பு துருத்தி நிற்கிற இடங்களில் (முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால்) எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோலும் சதையும் நசுங்குகின்றன. ரத்த ஓட்டம் தடைபடுகிறது. நேரமாக ஆக, அந்தச் சதை செத்துப் போகிறது. சிறுநீர் ஈரமும், ஆளைத் தூக்காமல் இழுத்து நகர்த்துகிற உராய்வும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மேலே அமுக்கிக் கொண்டிருக்கிற பாரத்தை எடுக்காமல், எந்தத் தைலத்தைத் தடவி என்ன பிரயோஜனம்?

இதை ஆராய்ந்து சொன்னவர் ஒரு நர்ஸ். இங்கிலாந்தைச் சேர்ந்த டோரீன் நார்ட்டன். ஆஸ்பத்திரியில் இருந்த வயோதிக நோயாளிகளைக் கவனித்து, இன்னொரு நர்ஸோடும் ஒரு முதியோர் நல மருத்துவரோடும் சேர்ந்து 1962-ல் அறிக்கை வெளியிட்டார். அந்தக் காலத்தில் அங்கேயும் படுக்கைப் புண் வராமலிருக்க ஸ்பிரிட், சோப்பு, முட்டையின் வெள்ளைக்கரு என்று ஆளுக்கு ஒன்றைத் தேய்த்துக் கொண்டுதான் இருந்தார்கள். (தைல மோகம் நமக்கு மட்டுமே சொந்தமில்லை!) தேய்க்கிற பொருளில் பலன் இல்லை, முறைப்படி திருப்பிப் படுக்க வைப்பதில்தான் பலன் என்று எடுத்துக் காட்டியது அந்த ஆய்வு.

அதோடு யாருக்குப் புண் வரும் ஆபத்து அதிகம் என்று கணக்குப் போட ஒரு அளவுகோலும் கொடுத்தார். உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், படுக்கையில் தானாகப் புரள்கிற சக்தி, மலஜலக் கட்டுப்பாடு என்று ஐந்து விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 மார்க். மொத்தம் 20. பதினான்கும் அதற்குக் கீழேயும் வந்தால் உஷார்! இதற்கு ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். கண்ணும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிவந்து போன இடத்தைப் பார்த்ததும் சூடு பறக்கத் தேய்க்கிறார்கள். கூடவே கூடாது. ஏற்கெனவே நொந்து போன சதை அது. தோல் வறண்டிருந்தால் எண்ணெயை மெதுவாகப் பூசலாம், அவ்வளவுதான். நம்முடைய கறுத்த தோலில் சிவப்பு சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ இருந்தால், தொட்டால் முகம் சுளித்தால், அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள். தோல் பிளந்துவிட்டால் கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம். உடனே காட்டிவிடுங்கள்.

"இதெல்லாம் எங்க பாட்டி காலத்திலேயே செஞ்சதுதானே... இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், அதே பாட்டிகள்தானே ராத்திரி பாத்ரூம் போக வேண்டியிருக்கும் என்று சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்தினார்கள்! வழக்கத்தில் நல்லதும் இருக்கும், கெட்டதும் இருக்கும். எது எது என்று சலித்து எடுக்க ஆராய்ச்சி வேண்டும்.

இந்தச் சலிப்பு நர்ஸுகளின் வழக்கத்தையும் விட்டு வைக்கவில்லை. 'இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும்' என்பது உலகம் முழுக்க வேதவாக்காக இருந்தது. நான்ஸி பெர்க்ஸ்ட்ராம் என்கிற அமெரிக்க நர்ஸ், அதையே சோதித்துப் பார்த்தார். அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் இல்லங்களில், 942 பேரை 2, 3, 4 மணி நேர இடைவெளிகளில் திருப்பிப் படுக்க வைத்தார்கள். முடிவு 2013-ல் வெளிவந்தது. புண் வருவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை!

உடனே, "அப்பாடா!" என்று அலாரத்தை நாலு மணி நேரத்துக்குத் தள்ளி வைத்துவிடாதீர்கள். அங்கே எல்லோரையும் படுக்க வைத்தது அடர்த்தியான ஃபோம் மெத்தையில். குழி விழுந்த பஞ்சு மெத்தைக்கும் கயிற்றுக் கட்டிலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நல்ல மெத்தை ஒன்றை வாங்கிப் போட்டு, டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்டு இடைவெளியைக் கூட்ட முடிந்தால், பெரியவருக்கும் தூக்கம் கெடாது. ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து கண் சிவந்து போகிற மருமகளுக்கும் தூக்கம் கிடைக்கும். இந்த நிம்மதியை எந்த லேகியம் தரும், சொல்லுங்கள்!

அடுத்து, வாய். பல்லே இல்லாத பாட்டிக்கு வாய் சுத்தம் எதற்கு என்று விட்டுவிடுகிறோம். ஜப்பானில் யோனெயாமா என்கிற பல் மருத்துவரின் குழு, 11 முதியோர் இல்லங்களில் 2 வருடம் ஆய்வு செய்தது. ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் நர்ஸுகளும் பணியாளர்களும் வாயைச் சுத்தம் செய்தார்கள். இன்னொரு பிரிவினர் வழக்கம்போல் விடப்பட்டார்கள். 2002-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 100-க்கு 19 பேருக்கு நிமோனியா. வாய் சுத்தம் செய்யப்பட்டவர்களில் 11 பேருக்குத்தான். வாயில் பெருகுகிற கிருமி, எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்குவதுதான் காரணம். ஒரு டூத் பிரஷ், கொஞ்சம் தண்ணீர். செலவு எவ்வளவு?

மறதி நோய் வந்தவர்களைக் குளிப்பாட்டுவது இன்னொரு போராட்டம். கத்துவார்கள், அடிப்பார்கள். "வேணும்னே பண்றா" என்று நாம் கோபப்படுவோம். அமெரிக்காவில் 15 முதியோர் இல்லங்களில் நர்ஸுகளும் மருத்துவர்களும் சேர்ந்து செய்த ஆய்வு 2004-ல் வந்தது. அவசரப்படாமல், அவரவர் விருப்பத்துக்கேற்ற மாதிரி குளிப்பாட்டியபோதும், படுக்கையிலேயே உடம்பைப் போர்த்தி வெதுவெதுப்பான டவலால் துடைத்துவிட்டபோதும், அந்த ஆக்ரோஷம் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. ஆக, கத்தலுக்குக் காரணம் பிடிவாதம் மட்டுமில்லை. குளிரும், கூச்சமும், பயமும்கூடத்தான்!

இவ்வளவு பலன் இருந்தும், இந்தத் துறையில் ஆராய்ச்சி குறைவு. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2018-ல், உணவு, மலஜலம், நடமாட்டம், சுத்தம் ஆகிய அடிப்படைப் பராமரிப்பு பற்றிய ஆய்வுகளைத் தேடித் தொகுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை தரத்தில் பின்தங்கியவை என்று வருத்தத்தோடு எழுதினார்கள். எனக்கு ஆச்சரியமில்லை. புது மாத்திரையைப் பாட்டிலில் அடைத்து விற்கலாம். திருப்பிப் படுக்க வைப்பதை எப்படி விற்பது? லாபமில்லாத இடத்துக்குப் பணம் வராது.

எங்கள் துறையையும் நான் விட்டுவிடப் போவதில்லை. சித்த மருத்துவ மேற்படிப்பில் ஆய்வு என்றால், பெரும்பாலும் ஒரு நோய்க்கு ஒரு மருந்து என்றுதான் போகிறது. முதுமையைத் தள்ளிப்போடும் காயகற்பம் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். வந்துவிட்ட முதுமையை எப்படித் தாங்குவது என்பதையும் ஆராய வேண்டாமா? நல்லெண்ணெயால் வாய் கொப்பளிப்பது, வாரம் ஒரு எண்ணெய்க் குளியல், கஞ்சி, நீராகாரம்... இவை படுக்கையிலிருக்கும் 80 வயதுக்காரருக்கு உதவுமா, கெடுதல் செய்யுமா? விழுங்கத் திணறுகிறவருக்குக் கொப்பளிக்கக் கொடுத்தால் புரையேறாதா? நர்ஸுகளோடு கைகோத்து முறையாகச் சோதித்தால், எங்கள் மருத்துவத்துக்கும் மரியாதைதான்.

இன்னொரு குறையும் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து பெரியவரை வீட்டுக்கு அனுப்பும்போது கையில் டிஸ்சார்ஜ் ஷீட் தருகிறார்கள். காலை, மதியம், இரவு என்று மாத்திரை வரிசையாக இருக்கும். எப்படித் திருப்புவது, எப்படி உட்கார வைத்து ஊட்டுவது, வாயை எப்படித் துடைப்பது என்று ஒரு வரியாவது இருக்கிறதா? அரைமணி நேரம் ஒரு நர்ஸ் கட்டிலருகே நின்று செய்து காட்டினால் போதுமே! தமிழக அரசு 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியபோது, வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும், படுக்கையிலிருப்போருக்கான ஆதரவு சிகிச்சையும் தருவதை அதில் சேர்த்தது. நல்ல வழி. இந்தப் பயிற்சியும் அப்படி வாசல் தேடி வர வேண்டும்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. "ஹோம் நர்ஸுக்குப் பணம் கட்டுறேனே" என்பதோடு மகனின் கடமை தீர்ந்துவிடுவதில்லை. படுத்திருப்பவரை ஒருவர் தனியாகத் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். இழுத்தால் அவருக்குத் தோல் உரியும். இருவர் சேர்ந்து, அடியில் விரித்த போர்வையைப் பிடித்துத் தூக்கி நகர்த்துவதுதான் சரி. அந்த இரண்டாவது ஆள் நீங்களாக இருங்கள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் படுக்க வைத்தோம், எத்தனை டம்ளர் தண்ணீர் இறங்கியது, வாய் எப்போது சுத்தம் செய்தோம், தோலில் எங்கே மாற்றம் தெரிகிறது என்று அன்றன்றைக்கு எழுதுங்கள். என்னிடமோ வேறு டாக்டரிடமோ வரும்போது, மருந்துச் சீட்டோடு அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். நான் முதலில் அதைத்தான் புரட்டுவேன்.