க்விடிர் வம்சமும் அருவிக்கடியில் ஓர் ஆவியும்

வேல்ஸின் வடக்கே லான்ரூஸ்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் க்விடிர் மாளிகை இருக்கிறது. அங்கே வாழ்ந்த சர் ஜான் வின் (1553–1627) தன் குடும்ப வரலாற்றைத் தானே எழுதி வைத்தார். 12ஆம் நூற்றாண்டில் க்வினெத் நாட்டை ஆண்ட ஓவைன் மன்னனில் ஆரம்பித்துத் தன் வீட்டு வாசல் வரை கோடு இழுத்துவிடுகிறார் மனிதர்! கையெழுத்துப் பிரதியாகச் சுற்றிவந்த அது அச்சேறியது 1770இல்தான்.

வேல்ஸ்காரர்களின் வம்சாவளிப் பைத்தியத்தை ஆங்கிலேயர்கள் கேலி செய்வதுண்டு. ஆனால் அந்தக் கேலி நியாயமில்லை. பழைய வேல்ஸ் சட்டப்படி அப்பாவின் நிலத்தில் எல்லா மகன்களுக்கும் பங்கு உண்டு. ஒருவன் கொலை செய்தால் அதற்கான ஈட்டுத்தொகையைத் தூரத்துப் பங்காளிகள் வரை சேர்ந்து கட்ட வேண்டும். யார் பங்காளி என்று தெரியாமல் அங்கே காலம் தள்ள முடியுமா? குடும்பப் பெயரும் கிடையாது. 'அப்' என்றால் மகன். மரெடித் அப் யூவன் அப் ராபர்ட் என்று கூப்பிட்டாலே மூன்று தலைமுறை வந்துவிடும். 1536இலும் 1543இலும் வந்த சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு சேர்த்தன, ஆங்கிலச் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகு வம்சாவளி பெரும்பாலும் அந்தஸ்துக்குத்தான் பயன்பட்டது. 1611இல் ஜேம்ஸ் மன்னர் 'பாரனெட்' பட்டத்தை 1,095 பவுனுக்கு விற்கத் தொடங்கினார். ஜான் வின் அந்த வருடமே அதைப் பெற்றுக்கொண்டார்.

சும்மா சொல்லக்கூடாது, புத்தகத்தில் நல்ல பகுதிகளும் உண்டு. அவருடைய கொள்ளுத்தாத்தாதான் மேலே சொன்ன மரெடித். சொந்த ஊரான எய்வியோனிதில் இருந்தால் பங்காளிகளை வெட்ட வேண்டும், இல்லையேல் அவர்களிடம் வெட்டுப்பட வேண்டும். சொந்த ரத்தத்தோடு மோதுவதைவிடத் திருடர்களோடு மோதலாம் என்று கள்வர் நிறைந்த கான்வி பள்ளத்தாக்குக்குக் குடிபெயர்ந்துவிட்டார். கோயிலுக்குப் போகும்போதுகூட வீட்டைப் பூட்டி, பாறைமேல் காவலுக்கு ஆள் நிறுத்திவிட்டுத்தான் போவாராம். மன்னர் பட்டியலைவிட இந்த ஒரு பக்கம் மேல்!

எழுதியதையெல்லாம் அப்படியே நம்பிவிடவும் கூடாது. முதலாம் எட்வர்ட் மன்னர் வேல்ஸ் பாணர்களைத் தூக்கிலிட்டார் என்று ஓரிடத்தில் சொல்கிறார். அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கதை கைமாறிக் கைமாறி 1757இல் தாமஸ் கிரேயின் கவிதையானது. 1857இல் ஹங்கேரிக் கவிஞர் யானோஷ் அரனி வரை போய்விட்டது.

இவ்வளவு பெரிய வம்சாவளியில் அந்த நிலத்தை உழுத குடியானவர்களுக்கு மட்டும் இடமில்லை. ஜான் வின் 1610இல் லான்ரூஸ்டில் பள்ளியும் ஏழைகளுக்கு விடுதியும் கட்டினார், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் குத்தகைக்காரர்களை நெருக்கியதாக அவர்மேல் வழக்கும் நடந்தது.

ஆண் வாரிசில்லாமல் 1719இல் பட்டம் முடிந்துபோனது. க்விடிர் நிலமோ அதற்கு முன்பே, 1678இல் மேரி வின்னின் கல்யாணத்தோடு பெர்ட்டி குடும்பத்துக்குப் போய்விட்டது. சர் ஜானைப் பற்றி அந்த வட்டாரத்து ஜனங்கள் சொன்ன கதை இவ்வளவுதான்: செய்த பாவமெல்லாம் கழுவிப்போகும்வரை அவருடைய ஆவி ஸ்வாலோ அருவிக்கடியில் கட்டுண்டு கிடக்கிறதாம்.