52 லட்சம் பேருக்கு ஒரு நாற்காலி

வளரும் நாடுகளின் மாணவர்கள் ‘உலக சுகாதாரம்’ முதுகலை படிக்க உதவித்தொகை என்று அறிவிப்பு வந்தால் நம் ஆட்கள் நெகிழ்ந்துபோகிறார்கள். நான் கணக்குப் போடுகிறேன். நிரல் எழுதிப் பிழைப்பவனுக்கு வேறென்ன தெரியும்?

மத்தியப் பழங்குடியினர் அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 20 பேருக்கு. முதுகலை, முனைவர் பட்டம், எல்லாத் துறையும் சேர்த்துத்தான் இந்த 20. 2011 கணக்கெடுப்பில் நாட்டின் பழங்குடியினர் 10.4 கோடி. வகுத்தால் 52 லட்சம் பேருக்கு ஒரு நாற்காலி. தமிழ்நாட்டுப் பழங்குடியினர் ஏறத்தாழ 8 லட்சம். விகிதப்படி நமக்கு ஆறரை ஆண்டுக்கு ஒரு சீட்டு. அந்த 20இல் 3 இடம் மிகவும் நலிந்த குழுக்களுக்கு. நியாயம்தான். ஆனால் கொல்லிமலை மலையாளிகள் அந்தப் பட்டியலில் இல்லை. மீதி 17இல்தான் முட்டி மோதணும்.

“கொல்லிமலைப் பொண்ணு எதுக்குங்க லண்டன் போய் சுகாதாரம் படிக்கணும்?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் துறை எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். கொசுக்கடிக்குக் கையை நீட்டிய நோயாளி ஹுசேன் கானுக்குக் கிடைத்தது கொசு ஒன்றுக்கு ஓரணா. ராஸுக்கு 1902இல் நோபல். 1898இல் லிவர்பூலிலும் 1899இல் லண்டனிலும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிகள் திறந்தன. ரத்தம் இங்கே, பட்டம் அங்கே. 125 வருஷம் கழித்தும் ஏற்பாடு பெரிதாக மாறவில்லை. ஓரணாவுக்குப் பதில் இப்போது ஒப்புதல் படிவம், அவ்வளவுதான்.

கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைந்த நிலத்தில் மரவள்ளி ஏறிவிட்டது. கிழங்கு கீழே ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது, காசு வருகிறது, தட்டில் ரேஷன் அரிசி. வெளியாள் இதை ‘ஊட்டச்சத்து விழிப்புணர்வுக் குறைவு’ என்று எழுதிவிட்டு, 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய்விடுவார். சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் வேலை பெண்களின் இடுப்பை ஒடித்தது என்பது வீட்டுக்குள் வளர்ந்தவளுக்குத்தான் முதலில் தோன்றும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே உமி நீக்கும் எந்திரங்களைக் கொண்டுபோனதும் அதனால்தான். சரியான கேள்வி கேட்கத் தெரிந்த ஆளைப் படிக்க அனுப்புவது தர்மம் இல்லை. அந்தத் துறைக்கே லாபம்.

“தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலகத் திட்டம் இருக்கே” என்பீர்கள். இருக்கிறது, நல்ல திட்டம். விமானம் ஏற்றிவிடும். இறங்கின பிறகு? பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை, படித்து முடித்தவர் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்கிறது. இருக்கட்டும். எந்த வேலையில்? 1939லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கண்ட மாகாணம் நம்முடையது. அதற்கெனத் தனி இயக்ககமே இருக்கிறது. ஆனால் அங்கே சுகாதார அலுவலர் நாற்காலிக்கு மருத்துவப் பட்டம் வேண்டும். செவிலியர் பட்டத்தோடு போய் முதுகலை முடித்து வருகிற மலைப்பெண் மறுபடியும் செவிலியர்தான். அப்புறம் அவள் ஜெனீவாவில் வேலை தேடினால் ‘மூளை வடிகிறது’ என்று தலையங்கம் எழுதுவோம்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான இணைத் திட்டத்தில் 2022இல் இன்னொரு கூத்து: இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிப் படிக்க வெளிநாட்டுப் பணம் கிடையாது என்று விதி. உன் ஊரைப் பற்றி வெளியே போய்ப் பேசாதே என்பதற்கு இதைவிட நாகரிகமான சொல் வேண்டுமா? 2025இல் அதே திட்டத்தில் தேர்வானவர்கள் 106 பேர். முதலில் கடிதம் கிடைத்தது 40 பேருக்கு. மற்றவர்களுக்கு ‘நிதி இருந்தால்’ என்று பதில்.

கேட்பது மூன்றே. இருபதை இருநூறாக்குங்கள். ஆங்கிலத் தேர்வுக்கும் விண்ணப்பத்துக்கும் ஆகும் செலவை, இடம் கிடைப்பதற்கு முன்பே கொடுங்கள். செம்மேட்டில் கூலிக்குப் போகிற குடும்பம் அங்கேதான் நின்றுவிடுகிறது. திரும்பி வருகிறவருக்கு, மருத்துவப் பட்டம் இல்லாவிட்டாலும், சொந்த மாவட்டச் சுகாதாரத் துறையில் முடிவெடுக்கும் பதவி கொடுங்கள். இது மூன்றும் இல்லாத உதவித்தொகை விளம்பரத்துக்குத்தான் ஆகும்.