பீரோவுக்குள் பூட்டி வைத்த தோடி

கொஞ்ச நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. இன்னிக்குக் கொட்டிடறேன். படிக்கறப்போ யாருக்காவது சுருக்குன்னு இருந்தா இருக்கட்டும், அதுக்குத்தான் எழுதறேன் :-)

இங்க பத்மாராவ் நகர்ல எங்க தெருவில ஒரு மாமா இருந்தார். ரயில்வேயில ரிடையர் ஆனவர். எழுபதுகள்ல ஆரம்பிச்சு, சென்னை சபாக்கள்லயும் செகந்திராபாத்லயும் தானே டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கிட்டுப் போய்ப் பதிவு பண்ணின கச்சேரிகள் முன்னூறு கேசட்டுக்கு மேல வச்சிருந்தார். ராகம், தேதி, பக்கவாத்தியம் எல்லாம் பச்சை மசியில எழுதி ஒட்டியிருக்கும். ஞாயித்துக்கிழமை போனா காபி கொடுத்து ஒண்ணைப் போட்டுக் காட்டுவார். "மாமா, ஒரு காப்பி எடுத்துக்கட்டுமா?"ன்னு கேட்டா மட்டும் முகம் மாறிடும். "இதுக்கு நான் அலைஞ்ச அலைச்சல் உனக்குத் தெரியுமாப்பா? வேணும்னா இங்கயே வந்து கேளு."

மாமா தவறினப்புறம் பிள்ளை ஃபிளாட்டைக் காலி பண்ணினார். கேசட் மொத்தமும் கபாடிக்காரர்கிட்ட எடைக்குப் போயிடுச்சு. நான் ஓடிப்போய்ப் பார்த்தப்போ மூணுதான் மிச்சம். பிள்ளையைக் குத்தம் சொல்ல மாட்டேன், அவருக்கு அது அப்பாவோட பழைய சாமான். குத்தம் மாமாவோடதுதான். போன பெரியவரை இப்படிச் சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்றேன்.

"அதான் சிடி கிடைக்குதே, அப்புறம் எதுக்கு இந்தக் கொரகொர கேசட்?"னு கேப்பாங்க. நம்ம சங்கீதத்துல பாதி மேடையிலயே பிறக்கறது. ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் எதையும் யாரும் எழுதி வச்சுப் பாடறதில்லை. இன்னிக்குப் பாடின தோடி நாளைக்கு வராது. பழைய 78 ஆர்பிஎம் தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான். அதுக்குள்ள ஒரு ராகத்தை எப்படி அடைக்க முடியும்? மதுரை மணி ஐயர் 1968ல காலமானார். அவர் ஸ்வரம் பாடின அழகை நாம இன்னிக்குக் கேக்கறோம்னா, யாரோ ஒரு ரசிகர் மேடைப் பாட்டைப் பதிவு பண்ணி வச்சு, வெளியிலயும் கொடுத்ததாலதான்.

இந்தப் பைத்தியம் நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவுல கிரேட்ஃபுல் டெட்னு ஒரு ராக் இசைக்குழு 1965ல இருந்து 1995 வரைக்கும் இரண்டாயிரத்துக்கும் மேல கச்சேரி பண்ணினாங்க. நம்ம மாதிரியே ஒரே பாட்டை ஒரு நாள் பத்து நிமிஷம், இன்னொரு நாள் அரை மணி நேரம்னு மேடையிலயே வளர்த்துக்கிட்டுப் போவாங்க. பதிவு பண்ற ரசிகர்களை அவங்க விரட்டலை. 1984ல அரங்கத்துல அவங்களுக்குன்னு தனி இடமே ஒதுக்கினாங்க. ஒரே நிபந்தனைதான்: மாத்திக்கலாம், விக்கக் கூடாது. 1977 மே 8ம் தேதி கார்னெல் பல்கலைக்கழகத்துல அவங்க வாசிச்ச கச்சேரி இப்படிக் கை மாறிக் கை மாறியே பிரபலமாச்சு. பிறகு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளோட 2011 பட்டியல்ல சேர்த்துது. அந்த ரசிகர்களும் பீரோவைப் பூட்டியிருந்தா?

"பாட்டுக்காரர் வயித்துல அடிக்கறதாச்சே"ன்னு அடுத்த கேள்வி வரும். நியாயம்தான். பாடறவங்களோட நிகழ்த்துனர் உரிமை 1994ல நம்ம காப்புரிமைச் சட்டத்துல வந்துது, 1999 திருத்தத்துல 50 வருஷமாச்சு. சொந்த உபயோகத்துக்குப் பதிவு பண்றதை அந்தச் சட்டம் தடுக்கலை. ஊருக்குக் கொடுக்கணும்னா கேட்டுட்டுக் கொடுங்க. பாடகர் இருந்தா அவர்கிட்ட, இல்லைன்னா அவர் குடும்பத்துகிட்ட ஒரு ஃபோன் போடுங்க. காசு மட்டும் வாங்காதீங்க. ஆனா கேக்கவே கேக்காம, "உரிமைப் பிரச்சினை"ன்னு சொல்லிட்டுப் பீரோ சாவியை இடுப்புல சொருகிக்கறது இருக்கே, அது பேராசைக்குப் போட்ட பட்டு அங்கவஸ்திரம்.

பேங்க்காரன் பாஷையில சொல்றேன். பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட்டை 2014ல இருந்து ரிசர்வ் வங்கியோட நிதிக்கு மாத்திடறோம். அப்பவும் வாரிசு வந்து கேட்டா பணம் திரும்பக் கிடைக்கும். உங்க கேசட்டுக்கு அப்படி எந்த நிதியும் கிடையாது. அதை எடுத்துக்கறது பூஞ்சைக்காளான், இல்லைன்னா கபாடிக்காரர். ரெண்டு பேரும் திருப்பித் தர மாட்டாங்க.

வேலையும் பெருசு இல்லை. ஓடற நிலையில ஒரு டெக், ஒரு கேபிள், ஆடாசிட்டின்னு இலவச மென்பொருள், அவ்வளவுதான். 90 நிமிஷக் கேசட் ஒண்ணு சுருக்காம வச்சாலும் 900 எம்பிதான் ஆகும். மாமாவோட முன்னூறு கேசட்டும் உள்ளங்கை அளவு ஹார்ட் டிஸ்க்ல அடங்கியிருக்கும்.

என் பொண்ணு இங்கயே பிறந்து வளர்ந்தவ. தெலுங்கு டீச்சர்கிட்ட பாட்டு கத்துக்கறா. சென்னை டிசம்பர் சீசன் அவளுக்கு வெறும் கதை. மிச்சமிருந்த மூணுல ஒண்ணை ராத்திரி போட்டேன். தோடி ஆலாபனை. யாரோ இருமறாங்க, யாரோ "ஆஹா"ங்கறாங்க. வாய்ப்பாடு ஒப்பிக்கற மாதிரி பாட்டு படிக்கறவ கையில இருந்த ஃபோனைக் கீழ வச்சுட்டா. மேல் ஸ்தாயிக்குப் போற நேரத்துல டக்குன்னு டேப் முடிஞ்சுது.

"அப்புறம் என்னப்பா?"ன்னா.

அடுத்த கேசட்ல இருந்திருக்கும்மான்னேன். அது எங்கன்னு கேட்டா, நான் பதில் சொல்லலை.

உங்க பீரோவுல யாரோட அடுத்த கேசட் இருக்குன்னு இந்த ஞாயித்துக்கிழமை தயவுசெஞ்சு திறந்து பாருங்க.