உள்ளங்கைக் கொப்புளமும் நெஞ்செலும்பு வலியும்



நோயை இறக்கிய அல்லாஹ் அதற்கு மருந்தையும் இறக்கியிருக்கிறான், ஆகவே வைத்தியம் செய்து கொள்ள வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டித் தந்த வழி. ஆனால் மருந்துக்கு முன்னால், நோய் எதுவென்று தெரிய வேண்டுமல்லவா?

மாத்தளைப் பக்கத்தில் ஒரு பெண்ணின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சீழ்க்கொப்புளம் வந்தால், சவர்க்காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்போம். தோள்பட்டையிலும் நெஞ்சின் மேற்பகுதியிலும் வலித்தால், தண்ணீர்க் குடம் தூக்கியது என்போம். கொப்புளத்தை ஒரு வைத்தியரிடமும் வலியை இன்னொருவரிடமும் காட்டுவோம். இரண்டும் ஒரே நோயாக இருக்கலாம் என்பது எவருக்கும் தோன்றாது.

அப்படியோர் அரிய நோய் உண்டு. அதன் பெயர் 'சஃபோ'. 1987இல் பிரான்ஸ் நாட்டு வைத்தியர்கள் சூட்டிய பெயர் இது. மூட்டுச் சவ்வழற்சி, கடும் முகப்பரு, சீழ்க்கொப்புளம், எலும்பு தடித்தல், எலும்பழற்சி ஆகிய ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகளே அந்தப் பெயராயின. ஐந்தும் ஒருவரிடமே இருக்க வேண்டுமென்பதில்லை. தோலில் தெரிவதற்கும் எலும்பு வலிப்பதற்கும் இடையில் வருடங்கள்கூடக் கழியலாம். சிலருக்குத் தோலில் ஒன்றுமே வராது.

இதை உறுதிப்படுத்தத் தனியான இரத்தப் பரிசோதனை கிடையாது. காசநோய், கிருமித் தொற்று, புற்றுநோய் ஆகியவை இல்லையென்று முதலில் தெளிவாக வேண்டும். அதற்காகச் சிலருக்கு எலும்பில் சிறு துண்டெடுத்துப் பார்ப்பார்கள். எலும்பு ஸ்கேனில் காறை எலும்புகளும் நெஞ்செலும்பும் சேர்ந்து கொம்புள்ள மாட்டுத் தலை போலத் தெரிந்தால், அது வலுவான அடையாளம்.

ஆகவே சகோதரிகளே, ஒரே வைத்தியரிடம் இரண்டையும் சொல்லுங்கள். பழைய கொப்புளத்தையும் மறைக்காதீர்கள். மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையில் காட்டி, தேவைப்பட்டால் கண்டி தேசிய வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். திடீரென நெஞ்சு வலித்தால் மட்டும் இதுதானென்று எண்ணித் தாமதிக்காதீர்கள். அது இதயமாகவும் இருக்கலாம்.

ஆண் வைத்தியரிடம் நெஞ்சுப் பகுதியைக் காட்டுவதா என்று வெட்கப்படுகிறீர்களா? பெண் வைத்தியர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், மஹ்ரமானவரை உடன் வைத்துக்கொண்டு, தேவையான அளவு காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை. போர்களில் காயம்பட்ட ஆண்களுக்கு ஸஹாபிப் பெண்கள் மருந்திட்டிருக்கிறார்களே!

மாமிமார்களுக்கு ஒரு வார்த்தை. இது தொற்று நோயல்ல. கொப்புளத்தில் சீழ் இருந்தாலும் அதில் கிருமி இல்லை. மருமகளோடு ஒரே ஸஹனில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பி வைப்பது அநியாயம்.

ஓதிப் பார்ப்பது நல்லதே. அதற்காக வைத்தியத்தை விட்டுவிடாதீர்கள். நோயுற்ற ஐயூப் (அலை) அவர்களைக் காலால் தரையைத் தட்டச் சொல்லி, ஊறிய நீரைக் கொண்டே அல்லாஹ் சுகமளித்தான். காரணத்தைத் தேடுவது தவக்குலுக்கு எதிரானதல்ல.

இந்நோய் வந்து வந்து போகும், மருந்துகளால் கட்டுப்படுத்தலாம். சில மருந்துகள் கருவிலுள்ள பிள்ளையைப் பாதிக்கும். கர்ப்பமாக இருந்தாலும், அந்த எண்ணம் இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலியால் ஸுஜூது செய்ய முடியாவிட்டால், உட்கார்ந்து சைகையால் தொழுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆபியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.